மூன்று ஆடுகளுக்குக் கழிப்பு

அந்த வார்த்தையை நான் சரியாகத்தான் சொன்னேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்பு படித்த அந்த வருஷம் என்னை ஒருவரும் நம்பவில்லை. கொஞ்ச நாள் போனதும் நானே என்னை நம்பாமல் போனேன்.

செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் மண்பாதையில் எங்கள் வீடு. சுற்றிலும், மலையைக் கும்பிட வந்து தங்குகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட வீடுகள் மாடிமேல் மாடியாக எழும்பிக்கொண்டிருந்தன. நடுவில் நாங்கள் மட்டும் செம்மறிப் பட்டி வைத்துக்கொண்டு தெருவையே நாறடித்துக்கொண்டிருந்தோம். இருபது உருப்படிக்கு மேல் இருக்கும். அதில் மூன்று நொண்டி. மழை பெய்தால் போதும், குளம்பு இடுக்கில் சீழ் பிடித்துவிடும். அப்பா குளம்பைச் சீவி, மயில்துத்தம் கரைத்த தண்ணீரில் காலை முக்கி நிறுத்துவார். சில நாள் நன்றாக நடக்கும், பிறகு பழைய கதைதான். காலையில் மந்தையெல்லாம் போன பின்னால் இந்த மூன்றும் முட்டி போட்டு முட்டி போட்டு, என் பள்ளிக்கூட ஆட்டோவுக்குக் குறுக்கேதான் வந்து நிற்கும். உள்ளே இருக்கிற பிள்ளைகள் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் ஷூ லேஸ் கட்டுகிற சாக்கில் குனிந்துகொள்வேன்.

அந்த மூன்றும் அம்மாவின் ஆடுகள். கல்யாணத்தின்போது பிறந்த வீட்டார் ஓட்டிவிட்ட ஆட்டின் வழியில் மிஞ்சியவை. நிலம் அப்பா பேரில், வீடு தாத்தா பேரில். என்னுடையது என்று அம்மா கை வைத்துச் சொல்லக்கூடியவை அந்த மூன்றும் அவை போடுகிற குட்டிகளும்தான். குட்டி விற்ற காசைப் பற்றி அப்பாகூட வாய் திறக்கமாட்டார். என் ஆட்டோவுக்குக் கொடுப்பது அந்தக் காசு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் குனிந்துகொள்வேன்.

மாட்டாஸ்பத்திரி டாக்டரின் மகள் என் வகுப்பு, என் ஆட்டோ. அதனால் மருந்து வாங்கி வருவது என் வேலையாகிவிட்டது. ஒருநாள் சாயங்காலம் டாக்டர் பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இதான் கடைசி. அந்த மூணையும் கழிச்சுட சொல்லும்மா அப்பாவ. எத்தனவாட்டி மருந்து போட்டாலும் திரும்பத் திரும்ப வரும். வெச்சிருந்தா மத்ததுக்கும் ஒட்டிக்கும்."

கழிப்பது என்றால் எனக்குத் தெரிந்தது கணக்கு நோட்டில் பக்கத்து எண்ணிடம் கடன் வாங்கிக் கழிப்பது மட்டும்தான். ஆட்டை எப்படிக் கழிப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே, ஒரு சொல் சிந்தாமல் வீடுவரை கொண்டுவந்து சேர்த்தேன்.

அம்மா தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். அப்பா பக்கத்தில் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். நான் சொன்னதும் அம்மாவின் கை அப்படியே நின்றது.

"கழிச்சுட சொன்னாரா?"

"ஆமாம்மா. மூணையும்."

"வேற இன்னா சொன்னாரு?"

"வெச்சிருந்தா மத்ததுக்கும் ஒட்டிக்கும்னாரு."

"பாத்தியா, நான் அன்னிக்கே சொல்லல?" என்று அம்மா அப்பாவிடம் திரும்பினாள். "ஊரு கண்ணு பூரா இந்த மூணு மேலதான். திஷ்டி ஒண்ணுலருந்து ஒண்ணுக்குத் தாவாதா பின்ன? படிச்ச டாக்டரே சொல்றாரு. வர்ற அமாவாசைக்கு நல்லா கழிச்சுடலாம்."

அப்பா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னவோ சொல்ல வாயெடுத்தவர், கயிற்றைக் கீழே வைத்தார். "சரி, பூசணிக்கா நான் வாங்கியாரேன்" என்றார்.

டாக்டருக்கே திருஷ்டியில் நம்பிக்கை இருக்கிறதே என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

அமாவாசையன்று பொழுது சாயும் நேரம். மூன்று ஆடுகளுக்கும் நெற்றியில் மஞ்சள் குங்குமம், கழுத்தில் வேப்பிலை. அம்மா உப்பு மிளகாய் சுற்றி நெருப்பில் போட்டாள். அப்பா பூசணிக்காயின்மேல் சூடம் ஏற்றி ஆடுகளை மூன்று சுற்று சுற்றி, முச்சந்தியில் போட்டு உடைத்தார். அதுவரை நடக்கவே மாட்டேன் என்று நின்ற மூன்றும் பூசணியைக் கண்டதும் நொண்டிக்கொண்டே ஓடின. கழித்ததைத் தின்னக்கூடாது என்று அம்மா துடைப்பத்தோடு பின்னால் ஓடினாள். எதிர்வீட்டு மாடியில் குடியிருந்த வெள்ளைக்கார அம்மாள் இறங்கி வந்து, கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொண்டார். சே, மானமே போயிற்று எனக்கு. யார் கண்ணிலும் படாமல் வைக்கோல் போருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

பூசணிக்காய்க்குக் குளம்பைப் பற்றி என்ன தெரியும்? மழை பிடித்துக்கொண்டது. மாதம் முடிவதற்குள் வேறு நாலைந்து ஆடுகளும் காலைத் தூக்க ஆரம்பித்தன. அந்தச் சமயம் பார்த்துத் தடுப்பூசி போட டாக்டர் எங்கள் பட்டிக்கே வந்தார். பள்ளிக்கூடம் லீவு, மகளும் கூடவே வந்திருந்தாள்.

"இன்னாம்மா, இந்த மூணையும் கழிச்சுட சொன்னேனே?"

"கழிச்சுட்டோமே சார், அமாவாசையன்னிக்கே" என்றாள் அம்மா. "த்தோ பாருங்க, கழுத்துல வேப்பிலகூட இருக்குது."

டாக்டர் ஒரு கணம் முழித்தார். பிறகு தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். "ஐயோ அம்மா! கழிக்கறதுன்னா வித்துடறது! பட்டியவுட்டே தள்ளிடறது! நான் இன்னா மந்திரவாதியா?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இவதான் சார். அரையும் குறையுமா கேட்டுக்கினு வந்து ஒளறிட்டா. எங்களுக்கு இன்னா தெரியும்?"

நான் சரியாத்தான் சொன்னேன் என்று கத்த வேண்டும்போல இருந்தது. டாக்டர் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். அப்பா சொல்வார் என்று பார்த்தேன். அவரும்தானே கேட்டுக்கொண்டிருந்தார்? அவர் ஓர் ஆட்டின் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்தே இருந்தார். "விடுங்க, சின்னப் பொண்ணு" என்றார் டாக்டர். அது இன்னும் கேவலமாக இருந்தது.

அடுத்த நாளே வகுப்பில் எனக்குக் 'கழிப்பு' என்று பெயர் விழுந்தது. டீச்சர் கரும்பலகையில் கழித்தல் கணக்கு எழுதும்போதெல்லாம் மொத்த வகுப்பும் திரும்பி என்னைப் பார்க்கும். பட்டிக்காட்டு அம்மா, ஒரு தமிழ் வார்த்தைக்கு அர்த்தம் தெரியாத அம்மா என்று மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். ராத்திரியானால் வேறு பயம். ஒருவேளை நான்தான் தப்பாகச் சொன்னேனோ? மற்ற ஆடுகள் நொண்டுவது என்னால்தானோ?

அந்த வாரச் சந்தைக்கு அப்பா மூன்றையும் குட்டி யானை வண்டியில் ஏற்றினார். அம்மா வாசலுக்கு வரவில்லை. உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் மட்டும் கேட்டது. என் முகத்தில் விழிக்க வெட்கம்போலிருக்கிறது, நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டு நான் ஆட்டோவில் ஏறினேன். அன்றைக்குக் குறுக்கே எதுவும் வரவில்லை.

தை பிறந்ததும் ஒரு வியாபாரி கொழுகொழுவென்று ஓர் ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்தான். "உன் பேருக்கு ஒண்ணு புடிச்சுக்கோ" என்றார் அப்பா அம்மாவிடம். அம்மா ஆட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தாள். நாலு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, குளம்பை விரித்து மோந்து பார்த்தாள். பின்னங்காலைப் பொத்தென்று கீழே விட்டாள்.

"யோவ், எவன் பட்டியில கழிச்சத ஓட்டியாந்து என் தலையில கட்டப் பாக்கற? எங்கப்பன் பட்டியில வளந்தவ நான். கழிச்ச ஆடு எதுன்னு எனக்கா தெரியாது?"

அப்பா சட்டென்று முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் ஆட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்திலேயேதான் நின்றிருந்தேன். எனக்கு ஒரே பெருமை. நான் அத்தனை அவமானப்பட்டது வீண்போகவில்லை, அம்மா அந்த வார்த்தைக்கு அர்த்தம் கற்றுக்கொண்டுவிட்டாள்.