பிள்ளை உயரத்தில் ஒரு ஏட்டம்மா

தச்சநல்லூரில் எங்கள் தெருக்காரர்களும் போலீசும் சேர்ந்து நடத்திய பாதுகாப்புக் கூட்டத்தில்தான் தலைமைக் காவலரான அந்த ஏட்டம்மாவைப் பார்த்தேன். குட்டையான உருவம், வெயிலில் கறுத்த முகம். யார் எதைச் சொன்னாலும், "வாங்க, அங்கன போய்ப் பாப்போம்" என்று எழுந்துவிடுவார்.

முந்தின வாரம் பால்வாடி வளைவில் பக்கத்து வீட்டுக் குழந்தை மேல் ஒரு பைக் மோதியிருந்தது. எல்லோரும் கேமரா கேட்டார்கள். ஏட்டம்மா எங்களையும் கூட்டிக்கொண்டு வளைவுக்கு நடந்துபோய்த் தரையில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"பிள்ளைக உசரத்துல பாருங்க. ரோடு தெரியல, இந்தக் காருதான் தெரியுது. யாருது?"

எங்கள் தெருச் சங்கத் தலைவருடையது. "என் வாசல்ல என் காரு நிக்கக் கூடாதோ?" என்றார் அவர்.

"உங்க வாசல் கேட்டோட முடிஞ்சிட்டு, அண்ணாச்சி. கேமரா வச்சா, பிள்ளை அடிபடுததப் படம்தான் எடுக்கும்."

யாரோ சிரித்தார்கள். பிள்ளை அடிபட்ட இடத்தில் சிரிப்பா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏட்டம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்க தெனம் பிள்ளையக் கூட்டிட்டு இங்கனதான போறீய? ஏன் சொல்லல?"

"அண்ணாச்சி மனசு நோகுமேன்னு..."

"பிள்ளைக்கு நொந்தாப் பரவால்லயோ?"

 மூன்று வயது மகளை அந்தக் காரைச் சுற்றி நடுரோட்டுக்கு இழுத்துப் போய், தலைவருக்கு வணக்கமும் சொன்னவள் நான்தான்.

கார் அன்றே நகர்ந்தது. மறுவாரம் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. இப்போது தினமும் காலையில் நான் போய்த் தலைவர் வீட்டு மணியை அடிக்கிறேன். குரலை உயர்த்தாமல் அந்த ஏட்டம்மா எப்படிப் பேசினார் என்று தெரியவில்லை. கதவு திறந்ததும் எனக்குக் கோபத்தில் குரல் உயர்ந்துவிடுகிறது. மரியாதைக் குறைவாகப் பேசுகிறேனோ என்ற சந்தேகமும் வருகிறது. ஆனாலும் கார் நகரும்வரை அங்கேயே நிற்கிறேன்.