பிள்ளையை எங்கே படுக்கவைப்பது?

போன வாரம் கோரிப்பாளையத்தில் ஒரு கடைக்குள் நுழைந்ததுமே ரப்பர் ஷீட் வாடை மூக்கில் ஏறியது. கைக்குழந்தைக்கு அடியில் விரிப்பார்களே, ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் பச்சையுமாக, அதுதான். புதிதாகச் சுருள் பிரித்த ஷீட்டின் வாடை, சைக்கிள் டியூபையும் பிஸ்கட்டையும் ஒரே டப்பாவில் பூட்டிவைத்துத் திறந்த மாதிரி இருக்கும். என் கூட வந்த பையன் மூக்கைச் சுளித்தான். எனக்கென்னவோ அங்கேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது.

அவன் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவன். அப்பாவாகிப் பத்து நாள்கூட ஆகவில்லை. "அண்ணே, ஒருக்கா கூட வாங்கண்ணே, எதை எடுக்கிறதுன்னே தெரியல" என்று இழுத்துக்கொண்டு போயிருந்தான். கடைக்கார பாய் ஒவ்வொன்றாகக் காட்டினார். ஸ்பிரிங் தொட்டில், வலைபோட்ட மெத்தை, சுற்றிலும் பஞ்சுத் திண்டு வைத்துத் தைத்த கட்டில், பாட்டுப் பாடிக்கொண்டே தானாக ஆடும் ஊஞ்சல். பையன் என் முகத்தைப் பார்த்தான்.

"தட்டையா, கெட்டியா, உள்ள ஒண்ணுமே இல்லாம இருக்கறது எதுவோ, அதை எடு" என்றேன்.

அவனுக்கு ஏமாற்றம். பாய்க்கு அதைவிட. என் பதிலில் வியாபாரத்துக்கு ஆகாத ஏதோ ஒன்று இருந்திருக்கிறது. ஆனால் இந்த ஒரு வாக்கியத்துக்கு வந்து சேர எங்கள் வீடு பட்ட பாடு அந்த இரண்டு பேருக்கும் எப்படித் தெரியும்?

என் மகன் பிறந்தபோது பழங்காநத்தத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கீழே ஒரு டெய்லர் கடை. தையல் மிஷின் ஓடினால் எங்கள் வீட்டு டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். என் மனைவி ஜெசிந்தா கிறிஸ்தவப் பள்ளி ஒன்றில் டீச்சர். நான் திருவாதவூர்க்காரன், விவசாயக் கூலி வேலை பார்த்த குடும்பம். நாங்கள் இரண்டு பேரும் விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டதால் அவள் வீட்டில் அப்போது பேச்சுவார்த்தை இல்லை. என் அம்மாவும் இல்லை. ஆகவே பிள்ளைப்பேற்றுக்கு எங்களுக்கென்று வந்த ஒரே ஆள் என் அக்கா பஞ்சவர்ணம்தான்.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். அவள் பேருந்திலிருந்து இறங்கினால் இறங்கிய மாதிரி இருக்காது, பேருந்து அவளை விட்டு விலகிப் போன மாதிரி இருக்கும். அப்படி ஒரு நிமிர்வு. ஒரு பையில் பூண்டும் கருப்பட்டியும், இன்னொரு பையில் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருந்த தன்னுடைய பழைய நூல் சேலையும் கொண்டுவந்திருந்தாள். நாங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் நடுவீட்டுக் கொக்கியில் அந்தச் சேலை தொட்டிலாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

பிள்ளை நாளுக்கு முந்திப் பிறந்தவன். எடை குறைவு. என் முழங்கையிலிருந்து விரல்நுனி வரைதான் இருந்தான். அனுப்பும்போது டாக்டரம்மா ஜெசிந்தாவிடம் திருத்தமாகச் சொல்லியிருந்தார். உங்கள் அறையிலேயே படுக்கவையுங்கள், ஆனால் தனிப் படுக்கையில். எப்போதும் மல்லாக்க. மெத்தை கெட்டியாக, சமமாக இருக்கட்டும். தலையணை, கனத்த போர்வை எதுவும் வேண்டாம். ஜெசிந்தா டீச்சர் அல்லவா, ஒரு தடவை கேட்டால் பாடம்.

வீட்டுக்குள் நுழைந்தவள் தொட்டிலைப் பார்த்து வாசலிலேயே நின்றாள்.

"மதினி, தொட்டில் வேணாம். டாக்டர் சமமாத்தான் படுக்கவைக்கணும்னு சொல்லியிருக்காங்க."

"சமமான்னா? தரையிலயா? எறும்பு இழுத்துட்டுப் போறதுக்கா?"

"தரையில இல்ல மதினி, எங்க கட்டிலுக்குப் பக்கத்துல தனியா ஒரு…"

அக்கா அதற்குமேல் கேட்கவில்லை. "பெரியாளுங்க பக்கத்துல பிள்ளையப் போடக்கூடாது. நான் இருக்கிற வரைக்கும் போட விடமாட்டேன்" என்றாள். குரல் ஏறவில்லை. அக்கா குரலை ஏற்றாமல் பேசினால் அப்பாவே எழுந்து வெளியே போய்விடுவார்.

அடுத்த சில நாட்கள் நான் சமாதானத் தூதுவனாக இருந்தேன். அந்த வேலைக்கு என்னைவிடத் தகுதி குறைந்த ஆள் மதுரையில் இருந்திருக்க முடியாது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிரவுசிங் சென்டருக்குப் போய்க் கண்டதையும் படித்தேன். ஒரு பக்கம் தொட்டில் நல்லது என்றது. இன்னொன்று ஆகாது என்றது. மூன்றாவது எனக்கு மெத்தை விற்கப் பார்த்தது. கடைசியில் "பகல்ல தொட்டில், ராத்திரி கட்டில்" என்று ஒரு யோசனை சொன்னேன். ஒருவரோடு ஒருவர் முகம்கொடுத்துப் பேசாதிருந்த இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அவர்களுக்குள் முதல் ஒற்றுமையை உண்டாக்கியவன் நான்தான்.

என் யோசனை ஒருவருக்கும் பிடிக்கவில்லையே தவிர, நடந்தது அதுதான். ராத்திரியில் கட்டில் பிள்ளைக்கு மட்டும், வேறு யாரையும் அக்கா அதில் படுக்க விடவில்லை. ஜெசிந்தாவுக்கு உடம்பில் தெம்பில்லை. பிள்ளை வேறு கீழே கிடத்தினால் அழுதான், தொட்டிலில் போட்டால் அடங்கினான். அக்கா ஆட்டிக்கொண்டே எங்கள் ஊர்ப் பக்கத்து ராகத்தில் முனகுவாள். ஜெசிந்தா கட்டிலில் படுத்தபடி தொட்டிலையே பார்த்துக்கொண்டிருப்பாள். தூங்கமாட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். டெய்லர் கடை பூட்டியிருந்ததால் வீடே அமைதியாக இருந்தது. நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். அக்கா ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டு மறுகையால் விசிறிக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு வந்தாள். வந்தவள் நேராகப் போய்ச் சேலையை விலக்கிப் பார்த்தாள்.

"மதினி! தூக்குங்க! பிள்ளையத் தூக்குங்க!"

அக்கா அள்ளி எடுத்தாள். பிள்ளையின் தாடை நெஞ்சோடு ஒட்டி மடிந்திருந்தது. உதட்டைச் சுற்றி நாவல்பழம் தின்ற மாதிரி ஒரு நிறம். அக்கா அவனை நிமிர்த்தி முதுகைத் தடவினாள். ஒன்றும் இல்லை. ஜெசிந்தா உள்ளங்காலைச் சுண்டினாள். பிறகு ஒரு விக்கல் மாதிரி மூச்சு வந்தது, அதன் பின்னாலேயே அழுகை. அந்த அழுகைக்கு ஈடாக என்னிடம் எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டரம்மா பார்த்துவிட்டு, சாயங்காலம்வரை வைத்திருந்து கவனித்து, ஆபத்து ஒன்றும் இல்லை என்றார். "கழுத்து இன்னும் நிக்காத பிள்ளை. தொட்டில் குழியா இருக்குறதால தலை முன்னாடி மடிஞ்சு மூச்சுக்குழாய் அடைச்சிருக்கு. அவனால தலையைத் திருப்பிக்க முடியாதும்மா." யாரையும் குறை சொல்லும் குரல் இல்லை அது.

வெளியே வந்தால் அக்காவைக் காணோம். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தின் கடைசியில் சுவரோரமாகக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். அந்த நிமிர்வெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஜெசிந்தா பிள்ளையோடு போய் அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"மதினி, அவனுக்கு ஒண்ணுமில்ல. பாருங்க, முழிச்சிட்டு இருக்கான்."

அக்கா பார்க்கவில்லை. "எனக்கு ஒருத்தன் இருந்தான் தாயி" என்றாள்.

எனக்குத் தெரியும். தெரியும் என்று நினைத்திருந்தேன். அக்காவுக்கு முதலில் ஒரு ஆண்குழந்தை பிறந்து காய்ச்சலில் இறந்துபோனதாக எனக்குச் சொல்லியிருந்தார்கள். அப்போது நான் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். லீவுக்கு ஊருக்குப் போனபோது வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. நானும் கேட்கவில்லை.

"காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. அறுப்பு நேரம். பகல் பூரா குனிஞ்சு கெடந்துட்டு வந்து பிள்ளையப் பக்கத்துல போட்டுப் படுத்தேன். பாலு குடுத்தது நெனவிருக்கு. விடிஞ்சு பாத்தா அவன் எனக்கு அடியில கெடந்தான். எங்க மாமியாதான் காய்ச்சல்னு சொல்லச் சொல்லுச்சு. ஊரு என்னையத் தின்னுரும்னு. தொட்டில்ல போட்டா ஒருத்தரும் மேல படுத்துர மாட்டாங்கள்ல. அதுக்குத்தான் தாயி கட்டுனேன். வேற எதுக்கும் இல்ல."

ஜெசிந்தா பிள்ளையை அக்காவின் மடியில் வைத்தாள். அக்கா வேண்டாம் வேண்டாமென்று கையை இழுத்துக்கொண்டாள். ஜெசிந்தா விடாமல் வைத்தாள். பிறகு, "அவன் பேரு என்ன மதினி?" என்று கேட்டாள்.

"கதிரேசன்."

அக்காவின் வாயிலிருந்து அந்தப் பெயரை நான் கேட்டது அதுதான் முதல்முறை.

வீட்டுக்கு வந்ததும் அக்கா தொட்டிலை அவிழ்த்தாள். அவிழ்த்த கையோடு சேலையைக் கிழித்து மூத்திரத்துணி ஆக்கிவிட்டாள். மறுநாள் காலையில் என்னை இழுத்துக்கொண்டு தனிக் கட்டில் வாங்கக் கிளம்பினாள். ஜெசிந்தா வாசல்வரை வந்து ஞாபகப்படுத்தினாள்: கம்பிகளுக்கு நடுவே தலை போகக்கூடாது, மெத்தை கட்டிலோடு இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும், அமுக்கினால் குழியக்கூடாது. அக்கா கடை கடையாக மெத்தைகளை உள்ளங்கையால் அமுக்கினாள், முஷ்டியால் குத்தினாள், குனிந்து கன்னத்தை வைத்துப் பார்த்தாள்.

"ஏம்மா, மெத்தை வாங்க வந்தீங்களா, பரோட்டாவுக்கு மாவு பிசைய வந்தீங்களா?" என்றார் ஒரு கடைக்காரர்.

"இதுல மாவே பிசையலாம், அம்புட்டுக் கொழகொழன்னு இருக்கு. வேற எடுங்க" என்றாள் அக்கா.

கடைசியில் ஒன்று அகப்பட்டது. அலங்காரமே இல்லாத மரக்கட்டில். பலகை மாதிரி மெத்தை. கூடவே இலவசமாகத் தந்த குட்டித் தலையணை, திண்டு, கரடிப் பொம்மை எல்லாவற்றையும் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள். இலவசமாக வந்த ஒன்றை என் அக்கா திருப்பிக் கொடுத்ததை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

அப்புறம்தான் உண்மையான சண்டை தொடங்கியது, எதிரி என் மகன். தொட்டில் சுகம் கண்டவன் கட்டிலில் கிடத்தியதும் வீறிட்டான். கீழே டெய்லர் மிஷினை நிறுத்திவிட்டு அண்ணாந்து கேட்கும் அளவுக்கு. ஜெசிந்தாவுக்கே ஒருநாள் மனது தளர்ந்தது. "இன்னைக்கு ஒருநாள் மட்டும் வேற சேலையில தொட்டில் கட்டுவமா மதினி?" என்றாள்.

"விட்டுக் குடுக்காத தாயி. அழுதா தூக்குவோம். தூங்குனா இங்கதான்."

அப்படியேதான் நடந்தது. அழுதால் மூன்று பேரும் மாறிமாறித் தோளில் போட்டு நடப்போம். கண் செருகியதும் கட்டிலில், மல்லாக்க. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அதே முனகலோடு நெஞ்சில் லேசாகத் தட்டிக்கொடுப்பாள். கொஞ்சம் கொஞ்சமாக அவன் வழிக்கு வந்தான்.

பார்க்க வருகிறவர்கள்தான் வழிக்கு வரவில்லை. "தலையணை இல்லாமப் படுக்கவச்சா மண்டை சப்பையாப் போயிருமே" என்று வீட்டுக்காரம்மா கடுகை நிரப்பி ஒரு தலையணையே தைத்துக் கொண்டுவந்தார். "மண்டை எப்பிடி இருந்தா என்ன, உள்ள இருக்கறது உருண்டையா இருந்தாப் போதும்" என்று அக்கா அதைப் பரண்மேல் வைத்துவிட்டாள். சிகரெட் வாசனையோடு வந்த என் நண்பனை வாசலிலேயே நிறுத்தி, அவன் முகம் கைகால் கழுவி, என் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்ட பிறகுதான் உள்ளே விட்டாள். ஜெசிந்தா ஒருத்தியாகச் சொல்லியிருந்தால் படித்தவள் திமிர் என்றிருப்பார்கள். அக்காவிடம் யாரும் வாய் திறக்கவில்லை.

மூன்றாவது மாதம் அக்கா ஊருக்குக் கிளம்பினாள். அதற்குள் பிள்ளைக்குக் கழுத்து நின்றுவிட்டது. பேருந்து ஏறும்போது ஜெசிந்தாவிடம் மட்டும்தான் பேசினாள். "வாரேன் தாயி. அசந்து வந்தா அவனைக் கையில வச்சிட்டுப் படுத்துராத. தம்பிய எழுப்பு. கல்லு மாதிரி தூங்குவான், உதைச்சு எழுப்பு." அந்த உரிமையை ஜெசிந்தா இன்றுவரை விட்டுத்தரவில்லை.

அந்த வீடு இப்போது இல்லை. இடித்துவிட்டு அங்கே ஒரு செல்போன் கடை வந்துவிட்டது. கட்டில் இரண்டு மூன்று வீடுகள் கைமாறிப் போய், இப்போது யார் வீட்டுக் கோழி அதன்மேல் அடைகிறதோ தெரியாது. மகன் பத்தாவது படிக்கிறான். குப்புறப் படுத்து, தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறான்.

இன்னொன்றும் இல்லாமல் போனது. எத்தனை பிள்ளைகள் என்று யார் கேட்டாலும் அக்கா அந்தக் காலத்தில் "ஒத்தப் பொண்ணுதான்" என்பாள், கேட்டவர் முடிப்பதற்குள்ளேயே. சமீபத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரம்மா அதே கேள்வியைக் கேட்டார். அக்கா அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டுக்கொண்டே, "ரெண்டு. மூத்தவன் கதிரேசன், கைப்பிள்ளையிலயே தவறிட்டான். அடுத்தது பொண்ணு" என்றாள். பிறகு பரிமாறுகிறவரை நிமிர்ந்து பார்த்து ரசம் கேட்டாள்.