மாப்பிள்ளை வருவதற்குள்

புல்வெட்டும் மெஷின் திணறி நின்றதும் அப்பா கைப்பேசியில் அழைத்தது அக்காவின் கணவரைத்தான். எண்ணெய்க் கையோடு பக்கத்திலேயே நான் நின்றிருந்தேன். நான்கு வருடம் இயந்திரப் பொறியியல் படித்தவன். எங்கள் வீட்டில் பள்ளியில் ஐந்தாம் படிவத்தைத் தாண்டிய முதல் ஆள். அவரோ மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டு, தங்கா பத்துவில் லாரிப் பட்டறைக்குப் போனவர்.

"மாப்ள, சும்மா விட்டா நல்லா ஓடுதுங்க. புல்லுல தள்ளுனா கொஞ்ச நேரத்துல இழுவ இல்லாம போவுது. செத்த வர முடியுங்களா?"

என்னிடம் அப்பா இப்படி ஒரு நாளும் கேட்டதில்லை. "தள்ளுப்பா, கை அழுக்காவும்" என்பதோடு சரி.

அன்று விஜயதசமி. சாயங்காலம் அம்பு போட அம்மன் இறங்கும் நியாலாஸ் தோட்டத்துக் கோயில் திடலை வெட்டித் தருவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். கால்வாசிகூட முடியவில்லை. தங்கா பத்துவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் நான் சரிசெய்துவிட வேண்டும்.

காற்று வடிகட்டியைத் தட்டினேன். பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டினேன். மெஷினைச் சாய்த்து, கத்தியைச் சுற்றி அப்பியிருந்த ஈரப்புல்லை வழித்தெடுத்தேன். கடைசியாக டாங்கி மூடியைத் திறந்தேன். 'புஸ்' என்றது. பெட்ரோல் முக்கால்வாசி இருந்தது. மூடிவிட்டுக் கயிற்றை இழுத்தேன். அருமையாக ஓடியது.

"அப்பா, சரியாயிருச்சு!"

இரண்டு வரிசை வெட்டினேன். மூன்றாவதில் முனகி நின்றது.

"வுடுப்பா. மாப்ள வந்துருவாரு."

பட்டமளிப்பு நாளில் என்னோடு எடுத்த படத்தை அப்பா கூடத்தில் மாட்டி வைத்திருக்கிறார். வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார். ஆனால் குழாய் ஒழுகினாலும் வேன் கிளம்பாவிட்டாலும் தேடுவது மாப்பிள்ளையை. என் இடம் சுவரில். அவர் இடம் அப்பாவின் பக்கத்தில்.

அவர் வந்து இறங்கினார்.

"என்ன மச்சான், இஞ்சினியருக்கே தண்ணி காட்டுதா?"

அப்பா சிரித்தார்.

மெஷினை அவரே புல்லில் தள்ளிப் பார்த்தார். திணற ஆரம்பித்ததும் குனிந்து டாங்கி மூடியைத் தளர்த்தினார். உடனே எஞ்சின் சீறி எழுந்தது. அதை அணைத்துவிட்டு, மூடியைக் கழற்றி வெயிலில் பிடித்தார்.

"மாமா, இந்த மூடியில ஊசி ஓட்ட ஒண்ணு இருக்கும்லா. அது வழியா காத்து உள்ள போனாத்தான் பெட்ரோலு கீழ எறங்கும். சந்தனம் அடச்சிருக்கு."

முதல் நாள் ஆயுத பூசை. அப்பா சந்தனக் கிண்ணத்தை அவரிடம்தான் நீட்டினார். "மொதப் பொட்டு நீங்க வைங்க மாப்ள." அவர் மெஷின் கைப்பிடியில் கடுகளவு வைத்தார். எல்லாரும் சாமி அறைக்குப் போனதும் நான் என் பொட்டை வைத்தேன்: மூடி மேல், உச்சியில், ஐம்பது காசு அகலத்துக்கு. அவர் வைத்ததைவிடப் பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே விரலால் அழுத்தி வைத்தேன்.

"யாரு இதுல போயி அப்புனது?" என்றார் அப்பா.

மச்சான் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"நான்தான் மாமா. நேத்து அவசரத்துல..."

"பரவால்ல மாப்ள. சாமிக்குச் செஞ்சதுதானே."

தப்பு என்னுடையது, மன்னிப்பு அவருக்கு. அதைக்கூட அவருக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"இல்லப்பா. அது நான் வச்சது. மச்சான் வச்சது கைப்புடியில."

அப்பாவின் சிரிப்பு நின்றது.

"நாலு வருசம் என்னாத்தப் படிச்ச? மூடியில ஓட்ட இருக்கறது தெரியாது? புடி! ஒரு புல்லு நிக்கக்கூடாது. பூராத்தையும் நீயே வெட்டு!"

கை அழுக்காகும் என்று சொல்லவில்லை. ஊசியால் அந்த ஓட்டையைக் குத்திவிட்டு மெஷினைக் கிளப்பினேன். ஒவ்வொரு முறை திடலின் கோடியில் திரும்பும்போதும் அவர்கள் கண்ணில் பட்டார்கள். அப்பா பிளாஸ்கிலிருந்து முதல் கோப்பியை மாப்பிள்ளைக்கு ஊற்றிக் கொடுத்தார். இருவரும் எதற்கோ சிரித்தார்கள். மெஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அடர்ந்த புல்லாகப் பார்த்து ஆத்திரத்தோடு தள்ளினேன். ஒரு முறையாவது திணறினால் அணைத்துவிட்டு அவர்கள் பக்கம் போகலாம். அது திணறவே இல்லை.