சில்வர் பெயிண்ட் படாத தகடு

பூலோகம் அண்ணாச்சி பாலை மோந்து பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். தாராவியில் இது பெரிய விஷயமில்லை. கோயில் பிரசாதத்தையும் மோந்து பார்ப்பார் என்பதில்தான் அவர் தனித்து நின்றார். இந்த அரிய குணத்துக்கென்றே உலகத்தில் ஒரு உத்தியோகம் இருப்பது அவருக்குத் தெரியாது, ராஜபாண்டியின் வெல்டிங் பயிற்சி மையம் அவரைத் ‘தர உறுதி அலுவலர்’ ஆக்கும்வரை.

மையத்தின் சான்றிதழ் ஜெர்மனியிலும் செல்ல வேண்டுமானால், அங்கிருந்து ஒருவர் வந்து மாணவர்களின் வேலையைச் சோதிக்க வேண்டும். இதற்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தவள் லேபர் கேம்ப் பகுதியிலிருந்து வரும் மாணவி ஸ்வீட்டி. ஜெர்மனியில் கப்பல் கட்டும் இடத்தில் வேலை தயார், சான்றிதழ்தான் பாக்கி.

அவள் பற்றவைத்த தகட்டை அண்ணாச்சி திருப்பித் திருப்பிப் பார்த்தார். நன்றாக இருந்தது. அதுதான் உறுத்தியது.

“ஏட்டி, இத நீதான் பத்தவச்சியா?”

“பின்ன எங்கம்மையா வந்து வச்சா? நீங்க பக்கத்துலதான நின்னீய?”

“நின்னேன். கறுப்புக் கண்ணாடி போட்டுல்லா நின்னேன். முகமூடிக்குள்ள ஆளு மாறுனா எனக்கென்ன தெரியும்?”

பிறகு ராஜபாண்டி மீதும் சந்தேகம் வந்தது. நல்ல தகட்டை வேறு எவனுக்காவது மாற்றிக் கொடுத்துவிட்டால்? அதைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய் அரிசிப் பானைக்குள் புதைத்துவைத்தார்.

மற்றத் தகடுகள் மையத்திலேயே இருந்தன. விருந்தாளி வரும் அன்று காலை ராஜபாண்டி அவற்றுக்கு உரிய மரியாதையைச் செய்தார். தன்னிடம் இரும்புக் கேட் வாங்க வரும் சேட்டுக்குச் செய்வதேதான்: பற்றவைத்த தடத்தைக் கிரைண்டரால் மழமழவென்று தேய்த்து, பட்டி பூசி, சில்வர் பெயிண்ட்.

ஜெர்மனியிலிருந்து வந்த ஹெல்கா அம்மையார் தகடுகள் பளபளத்த மேஜையைப் பார்த்தார். ஒரு தகட்டை நகத்தால் சுரண்டினார். ஏதோ கேட்டார்.

“என்னத்த மறைச்சிருக்கீங்கன்னு கேக்குறாங்க அண்ணாச்சி,” என்றார் ராஜபாண்டி, வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

“நானும் அதத்தாம்வே கேக்கேன்.”

தடம் உள்ளது உள்ளபடி தெரிய வேண்டுமாம். மூடிய வேலை வேலையே இல்லையாம். எல்லாத் தகடும் தள்ளுபடி. ஸ்வீட்டியின் முகம் சுண்டியது.

அண்ணாச்சி பையிலிருந்து அவளுடைய தகட்டை எடுத்து நீட்டினார். இரண்டு அரிசி ஒட்டியிருந்தது. ஹெல்கா அரிசியைப் பார்த்தார், அண்ணாச்சியைப் பார்த்தார். வீட்டில் இருந்த தகடு என்றால், இதைச் செய்தது யார் என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டார்.

அண்ணாச்சிக்குக் காதில் தேன் பாய்ந்தது. “பாத்தியாட்டி? மனுசின்னா இவியதான்!”

“அரே தேவா, ஊருக்கு ஒரு சந்தேகம் போதாதா? ஜெர்மனிலேந்து வேற இறக்கணுமா?” என்றபடி ஸ்வீட்டி முகமூடியை மாட்டினாள்.

இருவர் முன்னாலும் புதிதாக ஒரு தகடு பற்றவைத்தாள். ஆள் மாறவில்லையே என்று அடிக்கடி கண்ணாடியைத் தூக்கிப் பார்த்ததில் அண்ணாச்சியின் கண்கள் மிளகாய்ப்பழமாகின. ஆறிய தகட்டை ஹெல்கா வைஸ் என்ற இரும்புப் பிடியில் இறுக்கி வளைத்தார். தகடு வளைந்தது, தடம் விரிசல் விடவில்லை. ஸ்வீட்டிக்கு மட்டும் சான்றிதழ். மற்றவர்கள் பெயிண்ட் இல்லாமல் மறுபடி வர வேண்டும்.

நீர் வழியும் கண்களோடு அண்ணாச்சி அந்தச் சான்றிதழை வாங்கினார். விரலை நாக்கில் தொட்டு முத்திரையைத் தேய்த்தார். மை கலையவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“அண்ணாச்சி,” என்றாள் ஸ்வீட்டி, “அத வைஸ்ல மட்டும் மாட்டிராதீய.”