அந்த வலி என்னுடையது அல்ல

லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால் அந்த மெக்கானிக் முதலில் கதவில் காதை ஒட்டவைத்து, “பயப்படாதீங்க, திறந்துடலாம். அதுவரைக்கும் எனக்குத் தெரியாதது ஏதாவது ஒண்ணு சொல்லுங்க” என்பார். ஒருமுறை உள்ளிருந்த பெண்மணி, “உங்க மண்டையில நங்குன்னு ஒரு குட்டு வைக்கணும்போல இருக்கு” என்று கத்தினார். “சத்தியமா அது எனக்குத் தெரியாது!” என்று இவர் மனம் குளிர்ந்துபோனார்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஆள் இப்படி இல்லை. நூலகத்தில் எடுத்த பௌத்த தத்துவப் புத்தகம் ஒன்று அவரைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. காணும் உலகம் மனத்துக்கு வெளியே தனியாக இல்லை, எல்லாம் அறிவின் தோற்றமே என்று விஞ்ஞானவாதிகள் என்ற பழைய பௌத்தப் பிரிவினர் சொன்னதைக் கண்ணில் பட்டவரிடமெல்லாம் ஓதினார்.

“அப்போ நான்?” என்றாள் மனைவி.

“நீயும் என் மனசுதான்.”

“அப்படியா? உங்க மனசையே இந்தத் துணியைத் துவைச்சுப் போடச் சொல்லுங்க.” வாளி அவர் காலடிக்கு வந்தது.

ஒரு மத்தியானம், அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று வடத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார். பெட்டி சட்டென்று சறுக்கி நின்றது. மண்டையில் அடி. கால் இரும்புச் சட்டத்துக்கிடையே சிக்கியது. டார்ச்சும் போனும் கீழே எங்கோ விழுந்தன. கொஞ்ச நேரத்தில் வலிகூடத் தூரமாகப் போயிற்று. கண்ணை மூடினால் சுகமாக இருந்தது.

“தூங்கிடாத தம்பி! பேசு!”

சத்தம் கேட்டு ஓடிவந்த, நாலாவது மாடியில் தரை துடைக்கும் அக்கா. ஆட்கள் வந்து மீட்கும்வரை மூன்று மணி நேரம் தரையில் மண்டியிட்டு, கதவிடுக்கில் வாயை வைத்து, திட்டினார், கெஞ்சினார், தன் மருமகளைப் பற்றிப் புகார் சொன்னார்.

“நீ நிஜம் இல்ல. என் மனசுதான் பேசுது” என்று இவர் முனகினார்.

“உன் மனசா நானு? அப்போ என் முட்டி எதுக்குய்யா இந்த வலி வலிக்குது?”

இவர் கண் திறந்தது. குரலை மனம் உண்டாக்கலாம். ஆனால் அந்த முட்டி வலி தனக்கு வலிக்கவில்லையே! பின்னே யாருக்கு வலிக்கிறது? அதையே பிடித்துக்கொண்டு யோசித்தார். யோசித்ததால் விழித்திருந்தார். விழித்திருந்ததால்தான் பிழைத்தார் என்றார் டாக்டர்.

கட்டுப்போட்ட காலோடு அந்தப் புத்தகத்தை மறுபடி எடுத்தார். எல்லாம் மனமே என்றவர்களே, தன் மன ஓட்டத்தைப் போலப் பிறருக்கும் தனித்தனி மன ஓட்டம் உண்டு என்று நிறுவப் பாடுபட்டிருந்தார்கள். “அந்த இடத்துல மட்டும் எச்சில் தொட்டு ரெண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிட்டேன் சார்” என்று இப்போது சிரிக்கிறார். மனைவி பேச ஆரம்பித்தால் ரேடியோவை அணைத்துவிடுகிறார். அவள் அடுத்து என்ன சொல்வாள் என்று தனக்குத் தெரியாமல் இருப்பதே பெரிய கொடுப்பினையாம்.

போன வியாழக்கிழமை அதே நாலாவது மாடியில் வேலை. அக்கா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இவர் போல்ட்டைக் கழற்றிக்கொண்டே பிறர் மனம் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். நடுவில் திரும்பிப் பார்த்தார். அக்கா சுவரில் தலை சாய்த்துத் தூங்கிப்போயிருந்தார். கனவில் தனக்கு மட்டும் தெரிந்த எதையோ கண்டு, தூக்கத்திலேயே லேசாகச் சிரித்தார்.

மெக்கானிக் தோளில் கிடந்த துணியைத் தரையில் விரித்து, சத்தமில்லாமல் ஸ்பானரை அதன்மேல் வைத்துவிட்டு, கைகட்டி நின்றார்.