ரான்ஸ்பியில் ஒரு ரான்ஸ்பி

இல்லை, மேவிஸ் எங்களுக்குச் சொந்தமில்லை. எங்கள் ஊர் ரான்ஸ்பிக்கு முப்பத்தொரு வருஷமாகத் தபால் கொண்டு வருகிறவள், அவ்வளவுதான். ரான்ஸ்பி என்ற குடும்பப் பெயர்க்காரர்கள் கனடா, நியூசிலாந்து என்று எங்கிருந்தெல்லாமோ எங்கள் தபால் ஆபீசுக்கு எழுதுவார்கள், தங்கள் முன்னோர் கல்லறை இங்கே இருக்கிறதா என்று. வேலை முடிந்ததும் மேவிஸ் மாதா கோயில் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்க் கல்லில் பாசியைச் சுரண்டிப் பார்ப்பாள். ஒரு கல்லிலும் அந்தப் பெயர் இல்லை. இல்லையென்றே பதில் போடுவாள்.

ரான்ஸ்பியில் ரான்ஸ்பி தங்காது, அந்தப் பெயர்க்காரர் யாரும் இங்கே பிழைக்க மாட்டார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. என் மகள் ஜில் கட்டிக்கொண்டது லீட்ஸ் நகரத்தில் வளர்ந்த ஒரு ரான்ஸ்பியை. பிரசவத்துக்கு என்னிடம் வந்தாள். அப்பாவின் ரான்ஸ்பி பெயரோடு பேத்தி எங்கள் மாடியறையிலேயே பிறந்தாள். பதினோரு நாள் சந்தோஷத்தில் என் கால் தரையில் படவில்லை. பன்னிரண்டாம் நாள் காலை குழந்தை பால் குடிக்கவில்லை. உடம்பு கொதித்தது. அழக்கூட இல்லை. ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள்.

அப்போதுதான் மேவிஸ் தபாலோடு வந்தாள். அவள் வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது. ஏற்றினாள். ஜில் குழந்தையோடு முன்னால், நான் பின்னால் மூட்டைகளுக்கு நடுவில்.

"தங்காதுன்னு சொல்வாங்களே, மேவிஸ்," என்றேன்.

"யோவ் கிளிஃப், இங்கயே கெடக்கிறவன எவன் ரான்ஸ்பிக்காரன்னு கூப்பிடுவான்? ஊர விட்டுப் போனவனுக்குத்தான் ஊர்ப்பேரு ஒட்டும். இருந்தவனுக்கெல்லாம் வேற பேரு. அதான் அந்தப் பேர்ல கல்லு இல்ல. வாய மூடிக்கிட்டு மூட்டையப் பிடி."

சொல்லிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு வண்டியை விரட்டினாள்.

எட்டு நாள் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு அனுப்பும்போது, கடைசி ரத்தப் பரிசோதனை முடிவு தபாலில் வரும் என்றார்கள். அதற்குப் பிறகு தினமும் மேவிஸின் வண்டிச் சத்தம் கேட்டாலே நான் வாசலுக்கு ஓடுவேன்.

இன்று காலை வந்தது. உறையைக் கொடுத்த மேவிஸ் போகாமல் நின்றாள். ஜில் பிரித்துப் படித்தாள்.

"ஒண்ணுமில்லப்பா. ரத்தம் நல்லா இருக்காம்."

நான் கடிதத்தை வாங்கி இன்னொரு முறை படித்தேன். மேவிஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"முப்பத்தொரு வருஷமா, இங்க அந்தப் பேர்ல யாருமில்லன்னு எழுதிப் போட்டேன். இனிமே எழுத முடியாது. கனடாக்காரனுக்கு என்ன பதில் போடட்டும்னு உள்ள தூங்குற அந்தக் குட்டிக் கழுதையையே கேட்டுச் சொல்லு, கிளிஃப்."