ஜமுக்காளத்தின் மூலையில் ஒரு கறை

எங்கள் வேதக்கோயில் ஜமுக்காளத்தின் ஒரு மூலையில் கருநீலக் கறை இருக்கிறது. எத்தனையோ தடவை வெளுத்தும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மூலையைத் தேடிப்போய்த்தான் உட்காருகிறேன்.

கறைக்குக் காரணம் கோயில்குட்டியார். மணி அடிப்பதும் கோயிலைப் பூட்டித் திறப்பதும் அவர் வேலை. பாளையங்கோட்டை வெயிலில், யாரும் கேட்காமலே, கோயில் வளாகத்தில் ஒரு திராட்சைக் கொடியை வளர்த்துப் பந்தலில் ஏற்றியிருந்தார். இயேசுவின் நினைவாக அருந்தும் திருவிருந்துக்கு நம் மண்ணில் விளைந்த பழத்தின் ரசத்தை வைக்கவேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. இரண்டு வருஷம் ஐப்பசி மழை பொய்த்தது. ஆற்றங்கரை வயல்களிலேயே நெல் பதராய்ப் போனது. கோயில் கிணறு வற்றியபின், தாமிரபரணியிலிருந்து சைக்கிளில் இரண்டு கேன் தண்ணீர் கட்டிக்கொண்டு வந்து கொடியைக் காப்பாற்றினார். மூன்றாம் வருஷம் பங்குனியில் முதன்முறையாகப் பந்தல் நிறையக் காய்த்தது.

அதே பங்குனியில்தான் சபையார் மழைக்காக ஜெபக்கூட்டம் வைத்தார்கள். கோயில்குட்டியார் குருவானவரிடம் போய் நின்றார்.

“ஐயா, ரெண்டு நாளு தள்ளி வைங்க. பழம் கனிஞ்சு நிக்கி. மழை விழுந்தா வெடிச்சு அழுகிரும்.”

“வானத்துல ஒரு துண்டு மேகம் இல்ல. எதுக்குவே பயப்படுதீரு?”

“அப்போ கூட்டம் எதுக்கு ஐயா?”

குருவானவர் சிரித்துவிட்டார். ஆனால் கூட்டத்தைத் தள்ளிவைக்கவில்லை.

இரண்டாம் பாட்டு முடியுமுன் இடி இடித்தது. எல்லோரும் ஆனந்தத்தில் எழுந்து நின்றார்கள். கோயில்குட்டியார் மட்டும் எங்கள் காலடியிலிருந்து ஜமுக்காளத்தை உருவினார். முதலில் புரிந்துகொண்டவள் அப்போது கல்லூரியில் சேர்ந்திருந்த என் மகள். அதன் ஒரு முனையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே ஓடி, கொடி படர்ந்த இரும்புப் பந்தலின்மேல் ஏறிவிட்டாள். மின்னல் வெட்டியது.

“ஏட்டி, கீழ இறங்கு!” என்று அலறினேன்.

“சார்வாள், கத்தாம மூலையப் பிடியும்” என்றார் கோயில்குட்டியார்.

பிடித்தேன். மகள் மேலே விரித்தாள். நெல்லைப் பறிகொடுத்த விவசாயிகளும் நானும் நான்கு பக்கமும் இழுத்துப் பிடித்தோம். பெண்கள் அடியில் நின்று குலைகளை அறுத்தார்கள். கடைசிக் குலையைச் சாறு கசியக் கசிய என் மூலையில் பொதிந்து வாங்கியபோது, நனைந்த அத்தனை பேரும் போட்ட கூச்சலில் இடிச் சத்தமே கேட்கவில்லை. மழையும் எங்களுக்கு, பழமும் எங்களுக்கு! அந்த ஈஸ்டர் திருவிருந்தில் கோயில்குட்டியார் நிமிர்ந்து நின்றதைப்போல் யாரும் நின்று நான் பார்த்ததில்லை.

இன்று அவர் இல்லை; கொடியை என் மகள்தான் பார்த்துக்கொள்கிறாள். மழை இன்னும் காலம் தவறித்தான் வருகிறது. இந்தப் பங்குனியிலும் ஜெபக்கூட்டம் அறிவித்தார்கள். மேகமே இல்லை. என் மகள் கத்தரிக்கோலோடு எழுந்தாள்.

“மொதல்ல பழத்த அறுத்துருவோம். பொறவு மழையக் கேப்போம்.”

யாரும் சிரிக்கவில்லை. பழத்தை ஏந்த, நானும் ஜமுக்காளத்தின் கறைபட்ட மூலையைப் பிடித்துத் தூக்கினேன்.